சுவர் வரை கேட்க வேண்டும்

போன மாதம் ஒரு மாலை ஸ்டெல்லா போன் பண்ணினாள். அடையாறில் நான் பாதி வாழ்க்கையைக் கழித்த வாலிபால் கிளப்பில் இப்போது பெண்பிள்ளைகளுக்கு அவள்தான் கோச். நான் ரிட்டையர் ஆன பிறகு அந்த மைதானத்தின் நல்லது கெட்டது எல்லாம் அவள் வாயால்தான் எனக்கு வந்து சேரும்.

"மிஸ், புதுசா கட்டுன அபார்ட்மெண்ட் கீதுல்ல, அவங்க கம்ப்ளைன்ட் குடுத்துட்டாங்க. சாயங்காலம் பசங்க கத்தறது தாங்க முடியலையாம். கிளப்ல இன்னான்னா, ஒரு மாசம் சத்தமில்லாம பிராக்டிஸ் பண்ணிப் பாருன்றாங்க. கூட கீற புது கோச்சுங்களும் அதுல இன்னா தப்புன்னு கேக்கறாங்க. நீங்க எதுனா எழுதிக் குடுங்க மிஸ். நான் சொன்னா எவனும் கேக்க மாட்றான்."

சத்தமில்லாமல் வாலிபால் என்று காதில் விழுந்ததுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாகக் கோச் ஆனவர்கள் படிக்க வேண்டும். அபார்ட்மெண்ட்காரர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இத்தனை வருஷம் விசிலும் கையுமாக மைதானத்தில் நின்றவள் தைரியசாலியாகத்தான் இருப்பாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் கிடையாது. பி.டி. டீச்சருக்குப் படித்தது, மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தது, சாயங்காலம் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் கிளப்புக்கு உதவிக் கோச்சாக வந்தது, இதிலெல்லாம் பெரிய கதை ஒன்றும் இல்லை. கிளப்புக்கு வந்த முதல் வருஷத்தில் ஒன்று நடந்தது. என் பயத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

வனஜா என்று ஒரு பெண். நன்றாக ஆடுவாள். ஒரு நாள் பயிற்சியில் பந்து உயரமாக எழும்பி, அவளுக்கும் பக்கத்தில் நின்றவளுக்கும் நட்டநடுவே இறங்கியது. இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தபடி ஓடினார்கள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நெற்றியும் மோதின. கோயில் வாசலில் சிதறுகாய் உடைப்பார்களே, அதே சத்தம்.

வனஜாவை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கண் திறந்துதான் இருந்தது. "உன் பேர் என்னம்மா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பேர் ஞாபகம் வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டாள், கல்யாணமாகி தி.நகரில் சௌக்கியமாக இருக்கிறாள். ஆனால் பந்து இருக்கும் திசைக்கு அவள் திரும்பவே இல்லை. இன்றைக்கும் கோயிலில் யாராவது தேங்காயை ஓங்கினால் காதைப் பொத்திக்கொள்வேன். பக்கத்தில் நிற்பவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

வனஜாவுக்கு அடிபட்ட பிறகுதான் எங்கள் தலைமைக் கோச் முத்துவேல் சார் கிளப்பில் சேருவதற்கு ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கத்து மனிதர். ஒரு நாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் அவர் பேசுவது கேட்கும். திட்டுவதையும் அதே சுருதியில்தான் திட்டுவார், அதனால் அது இன்னும் ஆழமாக இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் பந்தைத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். சார் பந்துமேல் உட்கார்ந்துவிட்டார் என்றால் மைதானமே மூச்சை நிறுத்திக்கொள்ளும். யாரோ ஒருத்திக்கு நாளையிலிருந்து இடம் இல்லை என்று அர்த்தம்.

அவர் வைத்த வழக்கம் இது. கிளப்பில் சேர வருகிற பெண் முதலில் பந்தைத் தொடக் கூடாது. மைதானத்தின் ஒரு கோடியில் போய் நிற்க வேண்டும். மறு கோடியில் காம்பவுண்டுச் சுவரோரம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நான் நிற்பேன். வெளியே பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பெண் "என்னுது!" என்று குரல் கொடுக்க வேண்டும். என் காதுக்கு வந்தால் நான் கையைத் தூக்குவேன். கை தூக்கினால்தான் அவள் கைக்குப் பந்து.

பல அப்பாக்கள் சிரிப்பார்கள். "சார், பொண்ணு உயரம் பாருங்க, ஜம்ப் பாருங்க, இது என்ன ஏலம் விடற மாதிரி?" என்று ஓஎம்ஆரில் இருந்து வந்த ஒருவர் கேட்டார். சார் அவர் காதோரம் போய், "பந்து வரும்போது எல்லாரும் மேலதான் பார்ப்பாங்க. பக்கத்துல யார் வர்றாங்கன்னு கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும்" என்றார். அத்தோடு சரி. ஆனால் "என்னுது" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எங்கள் பெண்கள் பட்ட பாடு இருக்கிறதே! பிறந்ததிலிருந்து மெதுவாகப் பேசு, மெதுவாக நட என்று கேட்டு வளர்ந்தவர்கள். என்னுது என்று ஊருக்குக் கேட்கச் சொல்லென்றால் கழுத்து வரை சிவந்துவிடும்.

சாருடைய வேலை அது. என் வேலை எல்லாம் பயந்தவள் பார்க்கிற வேலை. வாசலில் ஒரு டப்பாவோடு உட்கார்ந்து கம்மல், வளையல், ஹேர்பின், எல்லாவற்றையும் கழற்றி வாங்கிப் போடுவேன். நகம் வளர்ந்திருந்தால் வெட்டிவிடுவேன். நெட் கம்பங்களுக்குப் பழைய மெத்தையைச் சுற்றிக் கட்டுவேன். தரை ஈரமாக இருந்தால் நானே துடைப்பேன். "மிஸ் விட்டா நம்மளையே மெத்தைல சுத்தி வச்சிரும்" என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். முடிந்தால் செய்திருப்பேன்.

இனி மைதிலி. என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். வீடு கபாலி கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. அம்மா ஜெயந்தி மாமி வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுப்பவர், மைதிலியும் பாடுகிறவள். பி.டி. பீரியடில் அவள் பந்தை எடுக்கும் அழகைப் பார்த்துவிட்டு நான்தான் கிளப்புக்கு வரச் சொன்னேன். வந்த அன்று மாமி என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"டீச்சர், அவளுக்கு இது ரொம்பப் பிடிச்சுடுத்து. நான் குறுக்கே நிக்கலை. ஓடட்டும், குதிக்கட்டும், கை கால் சிராய்ச்சிண்டு வரட்டும். கத்த மட்டும் சொல்லாதீங்கோ. அவ ஆத்துலகூட உரக்கப் பேச மாட்டா. மார்கழில முதல் கச்சேரி. தொண்டை போயிடுத்துன்னா நாங்க எங்க போறது?"

இப்படி ஒரு நிபந்தனையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. எனக்கு வனஜாவின் கண்தான் ஞாபகம் வந்தது. நேரே சுவரோரம் போய் நின்றேன்.

மைதிலி எதிர்க் கோடியில் நின்றாள். உதடு அசைந்தது. பஸ் ஹாரன் கேட்டது, குழாய் சொட்டுவது கேட்டது, அவள் குரல் மட்டும் வரவில்லை. நான் கையைத் தூக்கவில்லை. மறுபடியும் உதடு அசைந்தது. சார் மெல்ல என்னிடம் நடந்து வந்தார்.

"கேக்கலையா டீச்சர்?"

"கேக்கல சார். அவங்கம்மா கத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பாடற பொண்ணு."

சார் தலையாட்டிவிட்டு அவளை அனுப்பிவைக்கத்தான் திரும்பினார். அந்த நேரம் பக்கத்துக் கோர்ட்டில் யாரோ அடித்த அடி தப்பி, பந்து அவளை நோக்கிப் பாய்ந்தது. அவள் இரண்டு எட்டு நகர்ந்தாள், அவ்வளவுதான். பந்து அவள் முன்கையில் பட்டு, எங்கே போக வேண்டுமோ அங்கே, நெட்டோரம் நின்ற பெண்ணின் கைக்குள் போய் விழுந்தது. தாளம் பழகிய பிள்ளை, நேரம் பிசகவில்லை. சார் பந்தை வாங்கித் தரையில் வைத்தார். அதன்மேல் உட்கார்ந்தார். எல்லோரும் உறைந்து நின்றோம்.

"கத்தாத பொண்ணு கோர்ட்ல நின்னா அடி அவளுக்குப் படாது. பக்கத்துல இருக்கறவளுக்குப் படும்" என்றார்.

அப்போது பேசியவள்தான் ஸ்டெல்லா. பெசன்ட் நகரை ஒட்டிய குப்பத்துப் பெண். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்தவள். அவள் சேர வந்த அன்று வாய் திறப்பதற்குள் நான் கையைத் தூக்கியிருந்தேன்.

"சார், அவளுக்கும் சேத்து நானே கத்தறேன் சார். என்னுதுன்னா என்னுதுன்றேன், அவுளுதுன்னா உன்னுதுன்றேன். எங்கூட்ல அல்லாரும் கத்திக்கினுதான் கீறாங்க. தொண்டை இன்னா, காசா பணமா?"

பெண்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "அப்ப ஒண்ணு. நீ இல்லாத கோர்ட்ல அவ இல்ல" என்றார். மைதிலி சேர்ந்தது அப்படித்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் எனக்கு நெருப்பின்மேல் நிற்பது போலத்தான். பந்து அந்த இருவருக்கும் நடுவே எழும்பும்போதெல்லாம், "உன்னுது!" என்று ஸ்டெல்லா போடும் சத்தம் கேட்டபிறகுதான் மூச்சு வரும். ஆனால் சொல்ல வேண்டும், அற்புதமாக ஆடினார்கள். ஒருத்தி வாய், இன்னொருத்தி கை. எந்தக் கிளப்பும் அவர்களுக்கு நடுவே ஒரு பந்தைக்கூடத் தரையில் போட முடியவில்லை. சார்கூட ஒரு நாள் என் காதில், "பரவால்ல டீச்சர்" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

மழைக்காலம் வந்தது. ஸ்டெல்லாவின் குரல் கரகரத்தது. எல்லோரும் ஜலதோஷம் என்றோம். மிளகு மிட்டாய் கொடுத்தோம். அவளும் வாயில் அதக்கிக்கொண்டே கத்தினாள். மைதிலி பக்கத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வெந்நீர் குடித்தாள்.

மார்கழி பிறந்ததும் திருவான்மியூரில் கிளப்புகளுக்கிடையே போட்டி. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. மாவட்ட அணியில் இடம் கிடைத்தால்தான் ஸ்டெல்லாவுக்குக் காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட். இல்லாவிட்டால் பிளஸ் டூவோடு படிப்பு முடிந்தது என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். மைதிலியின் கச்சேரி அடுத்த வாரம். மாமி அன்றுதான் முதல்முறையாக ஆட்டம் பார்க்க வந்தார், கையில் பிளாஸ்க்கோடு.

நான் வாசலில் டப்பாவை நீட்டினேன். ஸ்டெல்லா கம்மலைக் கழற்றிப் போட்டாள். "சாப்பிட்டியாடி?" என்று கேட்டேன். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு எழுத்து வரவில்லை. அவள் கண்ணில் அதுவரை நான் பயத்தைப் பார்த்ததில்லை. கையைக் கூப்பி, சாரிடம் சொல்லாதீங்க என்று சைகை காட்டினாள்.

ஆனால் இதை மறைக்க என்னால் ஆகாது. நேரே சாரிடம் போய், "ஸ்டெல்லாவுக்குக் குரல் சுத்தமா இல்ல. ரெண்டு பேரையும் உக்கார வச்சிடுங்க சார்" என்றேன். பின்னாலேயே ஓடிவந்த ஸ்டெல்லா தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். சார் அவளைப் பார்த்தார். மைதிலியைக் கூப்பிட்டார்.

"இவ உக்காந்தா இவ படிப்பு போச்சு. நீ உக்காந்தா எனக்கு ரிசீவ் எடுக்க ஆள் இல்ல, டீம் தோத்தா இவளை யாரும் பாக்க மாட்டாங்க. நீ குரல் குடுப்பியா?"

மைதிலி கேலரியில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். அது சரியா, முடியாதா என்று எனக்கு விளங்கவில்லை.

"சார், வேண்டாம். இது ஆகாது" என்றேன். நான் சாரை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"டீச்சர், நீங்க அந்தப் பக்கச் சுவத்துக்கிட்ட போய் நில்லுங்க" என்றார் சார், அதே தாழ்ந்த குரலில்.

போனேன். வேறு என்ன செய்வது? எதிரணிக்குப் பின்னால், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். கோர்ட்டின் மறு பாதியில் இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் குரல் இல்லை, ஒருத்தி குரலை எடுப்பதில்லை. எதிரணிக்காரர்களுக்கு அது எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, மூன்றாவது சர்வீஸ் சரியாக இருவருக்கும் நடுவே வந்தது.

இருவரும் மேலே பார்த்தபடி ஓடினார்கள். சத்தமே இல்லை. நான் கண்ணை மூடவில்லை, மூட முடியவில்லை. கடைசி நொடியில் ஸ்டெல்லாவுக்கு என்ன தோன்றியதோ, தன்னைத்தானே பக்கவாட்டில் தூக்கி எறிந்துகொண்டாள். தலை தப்பியது. முகவாய் தரையில் தேய்ந்தது. எழுந்தபோது கழுத்து வரை ரத்தம். பந்து யாரும் தொடாமல் விழுந்து உருண்டது.

துடைத்துவிட்டு மறுபடி நின்றாள் ஸ்டெல்லா. அவளை வெளியே கூப்பிட்டுவிடுங்கள் சார் என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அடுத்த சர்வீஸும் அதே இடத்துக்கு வந்தது. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"என்னுது!"

அது கத்தல் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுங்காமல், நேராகச் சுவருக்கு வந்தது. மைதானத்தில் இருந்த அத்தனை சத்தத்துக்கும் மேலே எனக்குக் கேட்டது. ஸ்டெல்லா ஆணி அடித்தது போல நின்றாள். மைதிலி பந்தை எடுத்துக்கொடுத்தாள். என் கை எப்போது மேலே போனது என்று எனக்கே தெரியாது. ஆட்டம் முடியும்வரை, ஒவ்வொரு குரலுக்கும், பைத்தியக்காரி மாதிரி கையைத் தூக்கிக்கொண்டே நின்றேன்.

ஜெயித்தோம். ஆனால் எனக்கு ஜெயித்ததெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. மாமி படியிறங்கி வேகமாக வருவதைப் பார்த்தேன். மகளை அறையத்தான் வருகிறார் என்று நடுவே போய் நின்றேன். மாமி மகளைத் தாண்டி, என்னையும் தாண்டி, ஸ்டெல்லாவிடம் போனார். பெஞ்சில் உட்காரவைத்தார்.

"வாயைத் தொற கொழந்தே. ஆ சொல்லு."

ஸ்டெல்லா ஆ என்றாள். காற்று வந்தது. மாமி போன் வெளிச்சத்தில் தொண்டையைப் பார்த்தார். கழுத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. பாட்டு வாத்தியாருக்குத் தெரியாதா?

"இந்தத் தொண்டையை யாரு இப்படிப் பண்ணினா?" என்று எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

நான் சாரைப் பார்த்தேன். சார் தரையைப் பார்த்தார். மைதிலிதான் சொன்னாள். "நாமதாம்மா."

மாமி பிளாஸ்க்கைத் திறந்து, மகளுக்குக் கொண்டுவந்த வெந்நீரை ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தார். மறுநாள் காலை தாங்கள் வழக்கமாகப் பார்க்கிற தொண்டை டாக்டரிடம் ஸ்டெல்லாவைக் கூட்டிப்போனார். கத்திக் கத்திக் குரல்நாண் காய்த்துப் போயிருந்தது. பல வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார் டாக்டர். அந்த வாரங்களில் குரல் திரும்புமா திரும்பாதா என்று நான் பட்ட பயம், வனஜாவின் ஆட்டோவுக்கு அடுத்தபடி. திரும்பியது. ஆனால் பழைய குரல் இல்லை. கரகரப்பு அப்படியே நின்றுவிட்டது, மைதானத்தின் பாதியைத் தாண்டாது. மாவட்ட அணியில் இடம் கிடைத்தது, காலேஜில் சீட்டும் கிடைத்தது.

மைதிலி அந்த மார்கழியில் பாடினாள். நானும் போயிருந்தேன். பழக்கதோஷம், பின்சுவரோரம்தான் நின்றேன். அவள் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமி தை மாதத்திலிருந்து வாரம் ஒரு நாள் கிளப்புக்கு வர ஆரம்பித்தார். பெண்களை வரிசையாக நிறுத்தி, "தொண்டையால கூப்பிடப்டாது. வயத்துலேர்ந்து வரணும், இப்படி" என்று புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு "என்னுது!" என்பார். சார் ஓரமாக நின்று கேட்பார். சாருக்கே அது கொஞ்சம் பயமாகத்தான் இருந்திருக்கும்.

இதுவரை எழுதிவிட்டு நேற்று மாலை மைதானத்துக்குப் போனேன். எழுதுவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. சத்தமில்லாத பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஷூ தேய்கிற சத்தம், பந்து விழுகிற சத்தம், அவ்வளவுதான். புது கோச் ஒருவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா நெட்டோரம் நின்றாள், முகவாயில் அந்தத் தழும்போடு. பழைய குழாய்க்குப் பக்கத்தில், சுவரோரம் போய் நின்றுகொண்டேன்.

ஒரு பந்து உயரமாக எழும்பியது. இரண்டு சின்னப் பெண்கள், இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தபடி, இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடிவந்தார்கள். ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். அந்தக் குரல் அவ்வளவு தூரம் போகாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"யாருதுடி அது?" என்று நான் கத்தினேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படிக் கத்தியதே இல்லை.

"என்னுது!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி நின்றாள்.

என் கை மேலே போயிருந்தது. அபார்ட்மெண்டில் யாரோ படாரென்று ஜன்னலைச் சாத்தினார்கள். சாத்தட்டும். ஜன்னல் சாத்துகிற சத்தம்தானே, தேங்காய் உடைகிற சத்தம் இல்லையே.